குதிரை வீட்டுச் சிப்பாய்

தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டு சரியான விடைக்கு வந்து சேர்ந்த ஒருவருக்கு, அந்த விடை தெரியும் என்று சொல்லலாமா? வந்து சேர்ந்தாயிற்றே, அப்புறம் என்ன பேச்சு என்பார்கள் சிலர். வழி தெரியாமல் வந்தவர் வரவில்லை, விழுந்திருக்கிறார் என்பார்கள் வேறு சிலர். பெருங்களத்தூரில் செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம் செய்த சாமுண்டீஸ்வரியை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தக் கேள்வியில் கால் வைத்திருக்கிறார்கள். அவர் மட்டும் வைத்ததில்லை. அவருக்கு வேலை இருந்தது.

அவரைப் பெரிய சதுரங்க ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. பதினைந்தாவது நகர்வுக்குப் பிறகு பொறுமை போய்விடும். தோற்றால் மின்விசிறி, வெளிச்சம், எதிராளியின் இருமல் என்று ஏதாவது ஒன்றின்மேல் பழி விழும். ஜெயித்தால் சிரிப்பு மாடிப்படி வழியாகக் கீழே இறங்கித் தெருவரைக்கும் போகும். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு இணையாகத் தாம்பரம் வட்டாரத்தில் அதிகம் பேர் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட ஆள் கிடைக்க வேண்டும் என்பதை அவர் விரும்பிய அளவுக்கு வேறு யாரும் எதையும் விரும்பியதாகத் தெரியவில்லை.

அந்த விருப்பம் தொடங்கிய இடம் பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே ஒரு பம்பு செட்டு அறை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். மோட்டார் ஓடும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள், அண்ணன் துளசிங்கமும் தங்கை சாமுண்டீஸ்வரியும். மோட்டாருக்கு அடித்தது போக மீந்த பச்சைப் பெயின்டால் சிமென்ட் தரையில் துளசிங்கம் கட்டம் போட்டார். காய்கள் எங்கிருந்தோ வந்த மரக்காய்கள். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் ஆடவேண்டும். சாமுண்டீஸ்வரியின் குரல் பிறகு எந்த அறையிலும் அடங்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று அவர் கணவர் ஏகநாதன் சொல்வார்.

அவர்கள் ஆடியது நம் ஊர்களில் பழைய காலத்திலிருந்து ஆடப்பட்டு வந்த ஆட்டம். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா, செக் வாங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு முறை குதிரையைப்போலத் தாண்டலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய், எந்தக் காயின் வீட்டில் ஏறியதோ அந்தக் காயாக மாறும். யானை வீட்டில் ஏறினால் யானை, குதிரை வீட்டில் ஏறினால் குதிரை. உலகத்தில் வேறு விதமாகவும் ஆடுகிறார்கள் என்பது அண்ணனுக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. ஆகவே இந்த ஆட்டத்துக்கு அவர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பிறகு நிலம் மனைகளாயிற்று. பம்பு செட்டு அறை இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் சமையலறை வந்தது. துளசிங்கம் படப்பைப் பக்கம் செங்கல் சூளை போட்டார். தங்கை பெருங்களத்தூரில் வாழ்க்கைப்பட்டு, ஏகநாதனோடு சேர்ந்து அந்தச் செங்கல்லை விற்றார். அண்ணனுக்கும் தங்கைக்கும் எந்தச் சண்டையும் இல்லை. தினமும் லாரி போய்வந்தது. லாரியில் செங்கல் வந்தது, டிரைவர் வாய் வழியாக நலம் விசாரிப்பு வந்தது, தீபாவளிக்குத் துணி வந்தது. அண்ணன் வந்து உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடியது மட்டும் இல்லை. ஏகநாதனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்க முயன்றதில் ஓர் உண்மை தெரியவந்தது. நாலாவது நகர்வில் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். உட்கார்ந்தபடியே, கையில் காயோடு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, எண்பத்தேழில், கேம்ப் ரோடு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த வேதசிரோமணி என்ற கணக்கு ஆசிரியருக்கு ஒரு லோடு ஜல்லி போனது. சாமுண்டீஸ்வரியே லாரியில் முன்னால் உட்கார்ந்து போனார். போனால், ஆசிரியர் செங்கல் அடுக்கின்மேல் சதுரங்கப் பலகையை வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"சார், ஜல்லிய எங்க கொட்டறது?"

"அங்கே, அந்த வேப்பமரத்துகிட்ட."

லாரி பின்னுக்குப் போனது. சாமுண்டீஸ்வரி போகவில்லை.

"இன்னா சார், கறுப்பு ராஜா மாட்டிக்கினு கீதா?"

வேதசிரோமணி நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு மூவ்ல மேட் பண்ணணும். எப்படி அட்டாக் பண்றதுன்னுதான் பார்த்துட்டிருக்கேன்."

"மேட்டு எங்க சார் ஆவும்? இப்பிடித் தாண்டிடுமே." கை போயே விட்டது. கறுப்பு ராஜாவைத் தூக்கிக் குதிரைப் பாய்ச்சலாக ஒரு மூலையில் வைத்தார்.

"அம்மா, ராஜா தாண்டாது."

"தாண்டும் சார். செக்கு வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா தாண்டும்."

"எந்த ஊர்லம்மா?"

"இந்த ஊர்லதான். நீங்கதான் சார் வெளியூரு."

வேதசிரோமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிரிப்பதில் சிக்கனமானவர். அன்றைக்கு என்னவோ சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் சாமுண்டீஸ்வரி கேட்டார்: "சார், இத ஆடறவங்க எங்க கீறாங்க?"

ஆடுகிறவர்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். வேதசிரோமணி அதற்குச் செயலாளர். அந்தக் கிளப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் ஒரு பெரிய மரப்பலகை. அதில் கட்டத்துக்கு ஓர் ஆணி. காய்களைத் தகரத்தில் வெட்டி, வண்ணம் பூசி, ஆணியில் மாட்டுவார்கள். செவ்வாய்தோறும் அதில் ஒரு புதிர் தொங்கும். விடை தெரிந்தவர் வாயால் சொல்லக்கூடாது. எழுந்துபோய்த் தன் கையால் காயை நகர்த்த வேண்டும். எதிர்த்தரப்பை வேதசிரோமணி நகர்த்துவார். தொட்ட காயைத் திரும்ப வைக்கக்கூடாது. ஒருவருக்கு ஒரு வாய்ப்புத்தான். புதிதாகச் சேர விரும்புகிறவர் மூன்று செவ்வாய்க்குள் ஏதாவது ஒரு புதிரையாவது பலகையில் முடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரலாம். இதையெல்லாம் யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் செவ்வாய் சாமுண்டீஸ்வரி எழுந்துபோய், அழகாக ஆரம்பித்து, வெள்ளை ராஜாவைக் குதிரைபோலத் தாண்ட வைத்தார். மாடி குலுங்கியது. கடைசி நாற்காலியில் இருந்த ஏகநாதனும் தூக்கம் கலைந்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

"நீ எதுக்குய்யா சிரிக்கிற?" என்றார் சாமுண்டீஸ்வரி.

"எல்லாரும் சிரிக்கறாங்கோ. நான் மட்டும் உம்முனு இருந்தா நல்லாவா இருக்கும்?"

இரண்டாவது செவ்வாய் அவர் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் கறுப்புச் சிப்பாய் ஒன்று தன் வீட்டிலிருந்து இரண்டு கட்டம் நடந்து குறுக்கே வந்து நின்றது. அப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. "இது அக்கிரமம் சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு வேதசிரோமணி அவரை நிறுத்தி, இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசங்களை முறையாகச் சொன்னார். ராஜா தாண்டாது. அதற்குப் பதிலாக ராஜாவும் யானையும் ஒரு முறை இடம் மாற்றிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். சாமுண்டீஸ்வரி ஒவ்வொன்றையும் விரல்விட்டு மனதில் ஏற்றிக்கொண்டார். ஒன்றைப்பற்றி மட்டும் ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. கடைசி வரிசையை அடைந்த சிப்பாய்க்கு ஆடுகிறவர் விரும்பிய காயைக் கேட்கலாம், ஏறக்குறைய எல்லோரும் ராணியைத்தான் கேட்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அது வேறு விதமாகவும் இருக்கமுடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாமுண்டீஸ்வரிக்கும் தோன்றவில்லை. ஆகவே அவர் கேட்கவில்லை.

"இன்னும் ஒரு செவ்வாதான் சார் கீது" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "வூட்ல இவரு தூங்கிடறாரு. லாரி டிரைவருக்குச் சொல்லிக்குடுத்தேன், அவன் வேலய விட்டே போய்ட்டான். நீங்களும் இல்லேன்னுட்டா நான் யாருகூட சார் ஆடறது?"

வேதசிரோமணி பலகையிலிருந்து காய்களைக் கழற்றத் தொடங்கினார். விதியை வளைக்கிறவர் அல்ல அவர். விடை சரியாக இருந்தாலும் வழி தவறு என்றால் பூஜ்யம் போடுகிற ஆசிரியர். இதற்காக ஒரு மாணவனின் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

மூன்றாவது செவ்வாய் தொங்கிய புதிர் கொஞ்சம் முரட்டுத்தனமானது. கறுப்பு அடுத்த நகர்வில் வெள்ளையை முடித்துவிடும். வெள்ளை அதற்குள் விடாமல் செக் கொடுத்து முந்திக்கொள்ள வேண்டும். வலது ஓரத்தில் கறுப்பு ராஜா. அதற்குப் பக்கத்துக் கட்டத்திலேயே ஒரு வெள்ளைச் சிப்பாய், கடைசி வரிசைக்கு ஒரே ஒரு கட்டம் கீழே. சிப்பாய் நிற்கும் அதே படுக்கை வரிசையில், தூரத்தில், ஒரு வெள்ளை யானை.

கிளப்பிலேயே கெட்டிக்காரர் ஸ்ரீரங்கன். வங்கி அதிகாரி. எழுந்தார், சிப்பாயைக் கடைசி வரிசைக்கு ஏற்றினார், ராணியை மாட்டினார். வேதசிரோமணியின் கறுப்பு ராஜா அந்த ராணியைச் சாப்பிட்டது. ஸ்ரீரங்கன் மேலும் இரண்டு செக் கொடுத்துப் பார்த்தார். ராஜா நடந்தே தப்பித்தது. அவ்வளவுதான். மேலும் இரண்டு பேர் போனார்கள், வந்தார்கள். கீழே டைப்ரைட்டர்கள் மழை பெய்வதுபோல் தட்டிக்கொண்டிருந்தன.

சாமுண்டீஸ்வரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையையே பார்த்தார். மற்றவர்களுக்கு அந்தச் சிப்பாய் நாளைய ராணி. அவருக்கு அது நாளைய குதிரை. ஏனென்றால் அது நின்றது குதிரையின் வீட்டுக்கு நேர் கீழே. அங்கே ஏறினால் குதிரை. சரி, அந்தக் குதிரை எங்கெல்லாம் உதைக்கும்? உதைக்கும் கட்டங்களில் ஒன்று, கறுப்பு ராஜா நிற்கும் கட்டத்துக்கு ஒன்று கீழே. ராஜா இப்போது அங்கே இல்லை. இருந்தால்? அவர் அந்தக் காலிக் கட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். முன்னால் இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் வழியை மறித்திருந்தன. பக்கத்தில் கறுப்பின் சொந்தச் சிப்பாயே அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் திரும்பலாம் என்றால், வெள்ளைச் சிப்பாய் மேலே ஏறிய உடனே அந்த வரிசை முழுவதும் யானையின் ஆட்சிக்கு வந்துவிடும். பொறி தயாராக இருந்தது. ராஜா மட்டும்தான் அதற்குள் வரவில்லை.

வர வைக்க என்ன கொடுக்கலாம் என்பதுதான் மிச்சம்.

அவர் எழுந்துபோனார். வெள்ளை ராணியை ஆணியிலிருந்து கழற்றி, காவலே இல்லாமல், கறுப்பு ராஜாவின் காலடியில் அந்தக் காலிக் கட்டத்தில் மாட்டினார்.

"மேடம், ராணி போச்சு" என்றார் ஸ்ரீரங்கன் பின்னாலிருந்து.

"தெரியும் சார். இலை போட்டாதானே வந்து குந்துவாரு?"

ராஜா அதை எடுக்காமல் பின்வாங்கினால் ராணியே அடுத்த கட்டத்துக்குப் போய் முடித்துவிடும். எடுத்துத்தான் ஆகவேண்டும். வேதசிரோமணி முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் ராணியைக் கழற்றி, கறுப்பு ராஜாவை அங்கே மாட்டினார். கழற்றிய ராணி அவர் உள்ளங்கையில் இருந்தது.

சாமுண்டீஸ்வரி சிப்பாயை எடுத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனார். அதைக் கழற்றிவிட்டு வேறு காய் மாட்ட வேண்டும். வேதசிரோமணி கையை நீட்டினார். உள்ளங்கையில் ராணி. "இந்தாங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜைமேல் மிச்சக் காய்கள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு அலசினார்.

"அது எதுக்கு சார்? குதிரை எங்க கீது? வெள்ளக் குதிரை ஒண்ணு இருந்துச்சே."

"மேடம், ராணி சார் கைல இருக்கு" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

"ராணிய வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? தோ, கெடச்சிடுச்சு." தகரக் குதிரையை மாட்டினார். ஆணி ஆடியது. "செக்கு."

ஸ்ரீரங்கன் மெதுவாக எழுந்து நின்றார். ராஜாவுக்கு ஒரு கட்டம் கூட இல்லை. "மேட்" என்றார். உடனே கைதட்டல். பெஞ்சு ஒன்று சாய்ந்தது. கடைசி நாற்காலியில் ஏகநாதன் திடுக்கிட்டு விழித்து, "கரண்ட் வந்துடுச்சா?" என்றார்.

கைதட்டல் அடங்கும் முன்பே ஸ்ரீரங்கன் பலகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். தோற்றதைவிட ஏன் தோற்றோம் என்பது அவரை அதிகமாகக் குடைந்தது. "மேடம், ராணியைப் பலி கொடுக்கறது எனக்கும் தோணிச்சு. ஆனா அப்புறம் சிப்பாயை ராணியாக்கினா செக்கே இல்லையேன்னு விட்டுட்டேன். குதிரைன்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"தோணறதுக்கு இன்னா சார் கீது? அது குதிரை வூடு. குதிரை வூட்டுக்குள்ள போனா குதிரைதானே ஆவும்?"

"இல்லையே. எந்த வீடா இருந்தாலும் ராணி கேக்கலாமே?"

"எந்த வூடா இருந்தாலுமா?" சாமுண்டீஸ்வரி ஸ்ரீரங்கனைப் பார்த்தார். வேதசிரோமணியைப் பார்த்தார். அவர் கையில் இன்னும் நீட்டியபடியே இருந்த ராணியைப் பார்த்தார். "அப்ப மத்ததெல்லாம் யாரு சார் கேப்பாங்க?"

மாடியில் சிரிப்பு வெடித்தது. அது அடங்கும்போதுதான் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. இவர் விடையைச் சரியாகப் போட்டுவிட்டார், இல்லாத ஒரு விதியை வைத்து.

ஸ்ரீரங்கன்தான் முதலில் சொன்னார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்களே கிளாஸ்ல ஸ்டெப்ஸுக்குத்தான் மார்க் போடறவர். இது ஸ்டெப் தப்பு."

"விடை பலகைலதானே தொங்குது?" என்றார் இன்னொருவர்.

"குருட்டாம்போக்குல அடிச்சதும் தொங்கும்" என்றார் ஸ்ரீரங்கன்.

"யாருய்யா குருடு? நீதான்யா ராணிய வெட்டக் குடுத்துட்டு நின்ன." இது ஏகநாதன். மனைவிக்காக அவர் முழுதாக விழித்துக்கொண்ட சாயங்காலம் அது ஒன்றுதான்.

சாமுண்டீஸ்வரி புடவைத் தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்து விட்டுக்கொண்டு நின்றார். புறப்படத் தயாராகிறவர்போல.

வேதசிரோமணி கையை உயர்த்தினார். சத்தம் நின்றது. அவர் பலகைக்குப் போய்த் தகரக் குதிரையைக் கழற்றினார். கடைசி வரிசையில் அந்தக் கட்டம் காலியாயிற்று. ஒரு கையில் ராணி, ஒரு கையில் குதிரை. இரண்டையும் சாமுண்டீஸ்வரியின் முன்னால் நீட்டினார்.

"அம்மா, இவர் சொல்றது சரி. சிப்பாய் எங்கே ஏறினாலும் நீங்க எது வேணுமோ கேக்கலாம். ராணி, யானை, பிஷப், குதிரை, எது வேணும்னாலும். இதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்ப சொல்லியாச்சு. இப்ப கேளுங்க, எது வேணும்?"

அவர் உடனே கேட்கவில்லை. இதுதான் கவனிக்க வேண்டியது. பலகையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராணியை வாங்கி, மாட்டாமல், அந்த ஆணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். ராணி நேராகப் பார்த்தது. கோணலாகப் பார்த்தது. கறுப்பு ராஜா இருக்கும் கட்டத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இது செக்கே குடுக்கலியே சார்" என்றார். "அதுக்குள்ள அவன் நம்மள முடிச்சிடுவான்." ராணியைத் திருப்பிக் கொடுத்தார். "யானை நின்னாலும் இதே கததான். பிஷப்பும் வேலைக்கு ஆவாது. குதிரையே குடுங்க சார்."

வேதசிரோமணி குதிரையைக் கொடுத்தார். அதே ஆணியில் அதே குதிரை இரண்டாம் முறை ஏறியது. சற்று முன்பும் அங்கே அதுதான் இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இருந்தாலும் வேதசிரோமணி இரண்டாவது தடவைக்குத்தான் கைதட்டினார். அவர் கைதட்டி அந்த மாடி கேட்டதில்லை.

"அடுத்த செவ்வாய் ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார். "ஸ்ரீரங்கனோட உங்களுக்கு முதல் ஆட்டம்."

அந்த முதல் ஆட்டத்தில் சாமுண்டீஸ்வரி தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். தோற்றுவிட்டு, மின்விசிறி தலைக்கு நேராக இருப்பதாகக் குற்றம் சொல்லி இடம் மாறி உட்கார்ந்து மூன்றாவதிலும் தோற்றார். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் பாட்டு முணுமுணுத்தார் என்று ஏகநாதன் சொன்னார். தோற்றுவிட்டுப் பாடுகிற பெண்பிள்ளையை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் பெருங்களத்தூரில் அவருடைய ஜல்லி டிப்போவில் நாலு மணிக்கு மேல் லோடு ஏறவில்லை. அவசரமாகக் கான்கிரீட் போடுகிறவர்கள்கூடப் புதன்கிழமை வரை பொறுத்துக்கொண்டார்கள். தொண்ணூறாம் வருஷத்தைத் தாண்டியபோது அவர் கிளப்பில் நடுத்தரமான ஆட்டக்காரர் ஆகியிருந்தார். ஸ்ரீரங்கனை ஒரே ஒரு முறை ஜெயித்தார். அன்றைக்குக் கீழே இன்ஸ்டிடியூட்டில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. சிரிப்பு கேட்டு, கண்காணிப்பாளர் மேலே ஏறி வந்துவிட்டார். எல்லா விதிகளும் அவருக்கு இப்போது அத்துபடி. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் மற்றவர்களைப்போல அவரும் ராணியைத்தான் கேட்டார். ஒவ்வொரு முறையும் கேட்டார். குதிரை வீட்டு விவகாரம் பழைய வேடிக்கையாகி, புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லும் கதையாயிற்று. அவரே நடித்துக் காட்டுவார், பிஸ்கட் டப்பாவோடு.

தொண்ணூற்று நாலில் கீழ்க்கட்டளைக் கிளப்போடு வருஷாந்திரப் போட்டி. பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்து மேஜை போட்டிருந்தார்கள். தாம்பரம் நாலு வருஷமாகக் கோப்பையைத் தொடவில்லை. ஐந்தாவது மேஜையில் சாமுண்டீஸ்வரி. எதிரே கீழ்க்கட்டளைத் தட்சிணாமூர்த்தி, மளிகைக்கடைக்காரர், மென்மையான மனிதர்.

அன்றைக்குப் படப்பையில் மழை. சூளையில் வேலை இல்லை. துளசிங்கம் லாரியோடு வந்திருந்தார். தங்கை அவரை டிப்போவில் உட்காரவிடவில்லை. "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு அங்க வந்து குந்துண்ணா" என்று இழுத்துக்கொண்டு வந்தார். தங்கை ஆடுவதை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தங்கைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முழங்கால்மேல் கை வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தார். முதல் நகர்வே அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாமே அது, ரெண்டு அடி தாவுது?"

"உஷ். அப்பிடித்தாண்ணா இங்க."

"ஒனக்குமா?"

"எல்லாருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ராஜா கோட்டை கட்டியபோது, "ஒரே நேரத்துல ரெண்டு பேரா!" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாலு மேஜைகள் முடிந்தன. இரண்டு இங்கே, இரண்டு அங்கே. ஐந்தாவது மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, தட்சிணாமூர்த்தியிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. சாமுண்டீஸ்வரியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் கீழே இருந்தது. தடுக்க யாரும் இல்லை. ராணி எழுந்தால் சின்னப் பையன்கூட முடித்துவிடுவான். வேதசிரோமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஸ்ரீரங்கன் கோப்பை வைத்திருந்த மேஜைப்பக்கம் மெதுவாக நகர்ந்தார்.

சிப்பாய் ஏறியது. குதிரையின் வீடு.

தட்சிணாமூர்த்தி பண்பானவர். பக்கத்தில் படுத்துக் கிடந்த வெள்ளை ராணியைத் தானே எடுத்து, துடைத்து, எதிரே நீட்டினார். "இந்தாங்கம்மா. நல்லா ஆடினீங்க."

சாமுண்டீஸ்வரி அந்த ராணியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துளசிங்கம் முழங்கால்மேல் கை வைத்து இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

"அது வேணாம் சார்" என்றார் சாமுண்டீஸ்வரி. "அந்தக் குதிரைய எடுங்க."

தட்சிணாமூர்த்திக்குப் புரியவில்லை. "குதிரையா? குதிரையை வெச்சு முடிக்க முடியாதேம்மா. டிரா ஆயிடும்."

"தெரியும் சார்."

குதிரை ஏறியது. ஆட்டம் சமனாயிற்று. போட்டி சமனாயிற்று. கோப்பை ஆறு மாதம் தாம்பரத்திலும் ஆறு மாதம் கீழ்க்கட்டளையிலும் இருந்தது. தட்சிணாமூர்த்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், அவரே ஜெயித்ததுபோல. ஸ்ரீரங்கன் ஒரு மாதம் வரையில் காரணம் கேட்டார். "டீ ஆறுது சார்" என்பது ஒரு தடவை கிடைத்த பதில். "ஆட வாங்க" என்பது மற்றொரு தடவை கிடைத்தது. வேதசிரோமணி ஒரே ஒரு முறை கேட்டார். சாமுண்டீஸ்வரி வெள்ளைக் காய்களை அடுக்கத் தொடங்கினார். அவரும் உட்கார்ந்து கறுப்புக் காய்களை அடுக்கினார்.

குதிரை ஏறிய அந்த நேரத்தில், மேஜையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, துளசிங்கம் மட்டும் கேட்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக, "ஆங்" என்றார்.